இரண்டு அரை ஆயுள்

எதையும் நினைக்காமல் படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண், என்னவோ காலை நீட்டிப் படுங்கள் என்று சொல்வதைப் போல. குற்றாலலிங்கத்துக்கு அறுபத்தேழு வயது. எதையும் நினைக்காமல் இருந்த ஒரு நிமிஷம் இந்த அறுபத்தேழில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார், தேடுவதும் நினைப்பதுதான் என்று உடனே உறைத்தது, ஆக ஆரம்பமே தப்பு. தலையை ஒரு பஞ்சுப் பள்ளத்தில் வைத்து நெற்றிக்குக் குறுக்கே பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். பேசவும் கூடாதாம். பேசினால் மூளையில் பேச்சு இருக்கிற பக்கத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடிவிடும், படம் தப்பாக வரும் சார் என்றாள், ஃபர்ஸானா என்று பெயர், அவருடைய கடைசி வருஷத்து மாணவிகளை விடவும் சின்னப் பெண். பேசுவதற்கு என்ன இருக்கிறது இனிமேல். கழுத்தில் இடது பக்கம் மேலே போகிற பெரிய ரத்தக்குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்துக்கொண்டுவிட்டது, இடது பக்கத்தில்தான் பேச்சு இருக்கிறது, நாலைந்து மாதமாகச் சொற்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு இரண்டு படம். ஒன்று சும்மா இருக்கும்போது. இன்னொன்று குழாய்களை விரிய வைக்கிற மருந்து ஒன்றைப் போட்ட பிறகு. விரிந்தும் அந்தப் பக்கத்துக்கு ரத்தம் கூடவில்லையென்றால் மண்டையைத் திறந்து, நெற்றிப்பொட்டில் வெளியே ஓடுகிற குழாயை உள்ளே கொண்டுபோய்த் தைப்பார்கள். அதில் மிச்சமிருக்கிற பேச்சும் போனாலும் போகலாம். இதை டாக்டர் குற்றாலலிங்கத்தின் மனைவி ஆவுடையிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் எல்லாரும் ஆவுடையிடம்தான் சொல்கிறார்கள்.

அவள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள், அவருடைய சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. சென்னைக்கு ரயில் ஏறியதிலிருந்து அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சுவருக்கு அந்தப்புறம் எங்கேயோ ஒரு மெஷின் உறுமியது. இங்கேயே, இதே அடித்தளத்திலேயே ஊசியில் ஏற்றப் போவதை உண்டாக்கியாக வேண்டும், வேறு ஊரிலிருந்து வாங்கிக்கொண்டுவர முடியாது, அடுத்த தெருவிலிருந்து கூட முடியாது, ஆட்டோ சிக்னலில் நிற்பதற்குள் பாதி போய்விடும். ஆக்சிஜன் பதினைந்து. ஆயுள் முழுக்க இயற்பியல் நடத்தினவருக்குச் சொல்லித்தரவா வேண்டும். எட்டு புரோட்டான், ஏழு நியூட்ரான். சாதாரண ஆக்சிஜனைவிட ஒரு நியூட்ரான் குறைவு, அந்த ஒன்று குறைந்ததால் நிலைகொள்ள முடியாத பிறவி, இரண்டு நிமிஷத்தில் பாதி அழிந்துபோகும். போன் அடித்தது, வருது என்று யாரோ சொன்னார்கள், ஃபர்ஸானா வந்து முழங்கையில் செருகியிருந்த குழாயில் எதையோ திருப்பினாள், ஜில்லென்று ஒன்று ஏறியது. தண்ணீர்தான். வெறும் தண்ணீர், அதில் கொஞ்சத்துக்கு மட்டும் இந்த ஆக்சிஜன். ரத்தத்தோடு கலந்து தலைக்குப் போகும், எங்கே ரத்தம் போகிறதோ அங்கே போகும், போகிற வழியிலேயே செத்துக்கொண்டு போகும். அந்தக் காலத்துப் புத்தகங்களில் பிராணவாயு என்று போட்டிருப்பார்கள். பிராணவாயுவே பிராணனை விடுகிறது, பார். நைட்ரஜனை அடித்துத்தான் இதை உண்டாக்குகிறார்கள், செத்ததும் நைட்ரஜனாகவே ஆகிறது, வாழ வந்த இடத்தில் இரண்டு நிமிஷம் நிலைக்காமல் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறது. ஆவுடை அப்படிப் போயிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. இருந்தாள். அதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம், கூடவே இருந்தாள்.

உள்ளே இந்நேரம் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும், மாறும்போது ஒரு பாசிட்ரானைத் துப்பும், அது எலெக்ட்ரானுக்கு நேர் எதிர் ஜாதி, அரிசி மணி அளவு தூரம்கூடப் போயிருக்காது, ஒரு எலெக்ட்ரானைப் பார்த்துவிடும், பார்த்ததும் இரண்டும் இல்லாமல் போய்விடும். மிச்சம் இரண்டு கதிர். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று நேர் எதிர்ப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். தலையைச் சுற்றி இருக்கிற இந்த வளையம் இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்து, நடுவே கோடு போட்டு, இங்கே நடந்தது என்று சொல்லும். ஒன்றை மட்டும் பிடித்தால் கணக்கில் சேராது, இரண்டும் சாட்சி சொன்னால்தான் நடந்ததாக அர்த்தம். இது நன்றாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது, பாடத்தில் இப்படி எழுதியிருக்கலாம், உடனே அடித்துவிட்டார். பாடநூலில் அலங்காரம் அவருக்குப் பிடிக்காது. ஆவுடைதான் அப்படியெல்லாம் எழுதுவாள். அவள் எழுதிக் கொடுத்த பக்கங்களிலிருந்து அவர் பிடுங்கிப் போட்ட அலங்காரங்களைக் கூடையில் வாரியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் அழிந்துவிடுமாம், கதிராகப் பிரிந்து ஓடிவிடுமாம். சேர்ந்தும் அழியாமல், பிரிந்தும் போகாமல், ஒரே சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் இருப்பதற்கு இயற்பியலில் ஒன்றும் கிடையாது. ரசம். அந்த மேஜையில்தான் முதலில் நடந்தது. ரசத்துக்குள் கிடந்ததைக் காட்டி அது, அந்த, ஊற்றுகிறது என்றார். அவளும் பார்த்தாள், அவருடைய வாயைப் பார்த்தாள், பிறகு கரண்டியா என்று கேட்டாள். ஆமாம், கரண்டி. அதற்கப்புறம் சாவியா, துண்டா, செவ்வாய்க்கிழமையா என்று ஒவ்வொன்றாக. குரலில் ஒரு எள்ளலும் இல்லை, இரக்கமும் இல்லை, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பாளே அந்தக் குரல். ஊரிலுள்ள இயற்பியல் வாத்தியார்களுக்கெல்லாம் சொல் கொடுத்தவர் அவர். அவருக்கு இவள் அடியெடுத்துக் கொடுக்கிறாள். நாலைந்து மாதமாக அவள் கொடுத்த சொல்லைத்தான் சாப்பிடுகிறார், உடுத்துகிறார். இதைவிட வாயைத் தைத்துவிடலாம்.

ஊரிலுள்ள வாத்தியார்களுக்கெல்லாம் என்பது மிகையில்லை. தமிழ்வழியில் பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகளுக்கு அணுக்கரு இயற்பியலில் ஒரு புத்தகம் கிடையாது, அவர்தான் கொண்டுவந்தார். மூன்று வருஷ உழைப்பு. அரைவாழ்வு என்று ஒருத்தர், பாதியழிவு நேரம் என்று ஒருத்தர், கலைச்சொல் குழுவில் அடிதடியாகக் கிடந்தபோது, அரை ஆயுள் என்று போட்டு அத்தனை பேர் வாயையும் அடைத்தார். எவ்வளவு லட்சணமான சொல். ஒரு கிராமத்துப் பிள்ளைக்குக்கூட விளங்கும். ஆவுடை சொன்ன சொல்தான் அது, இல்லையென்று அவர் எங்கேயும் சொன்னதில்லை, துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள், அரை ஆயுள்னு வைங்களேன் என்று. கொடியில் துணி போடும்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டால் ஆயிற்றா. குழுவில் உட்கார்ந்து அதற்காகத் தொண்டை வறளப் பேசினது யார். கடைசி நாலு இயலுக்கு முதல் படி அவள் எழுதினாள், ஒத்துக்கொள்கிறார், ஆனால் முதல் படி என்பது முதல் படி, அதைப் புத்தகம் ஆக்கினது யார். முன்னுரையில் அச்சகத்தார், பிழை பார்த்த தமிழாசிரியர், கல்லூரிச் செயலாளர் எல்லாரையும் சொல்லிவிட்டு, பொறுமை காத்த என் துணைவியாருக்கும் நன்றி என்று மறக்காமல் எழுதியிருந்தார். வேறு எவன் எழுதுவான். அப்படிப்பட்ட புத்தகத்தை வெளியிட்ட அன்றைக்கு, கல்லூரி அரங்கத்தில், குழுவினர் மொத்தமும் மேடையில் இருக்க, ஐயங்கள் இருந்தால் கேட்கலாம் என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாவது வரிசையில் அவள் எழுந்தாள். அவளும் அதே துறையில் விரிவுரையாளர், எழுந்திருக்க உரிமை உண்டு. கையில் புத்தகம். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் என்றாள். ஓர் அரை ஆயுளில் பாதியும், இரண்டு அரை ஆயுளில் முழுவதும் சிதைந்துவிடுகிறது என்று போட்டிருக்கிறது. சார், ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணுங்கிறது பலசரக்குக் கடைக் கணக்கு, இங்கயும் அதுதானா.

அரங்கம் சிரித்தது. வீட்டில் கூப்பிடாத அந்தச் சாரைக் கேட்டோ, பலசரக்குக் கடையைக் கேட்டோ தெரியாது, செயலாளர் தொப்பை குலுங்கச் சிரித்தார், முதல் வருஷப் பிள்ளைகள் வரைக்கும் சிரித்தார்கள். கால்வாசி மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியாதா. பாதியில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், குறைந்துகொண்டே போகுமே ஒழிய ஒரேயடியாகத் தீராது, இருபது வருஷம் கரும்பலகையில் எழுதின கை இது. அரை என்று எழுதினதும் கை தானாக இன்னொரு அரையைச் சேர்த்துவிட்டது, தூக்கக் கலக்கம், அந்தச் சொல்லே அப்படிப்பட்ட சொல், ஆயுளை அரையாக்கினால் இரண்டு அரையில் ஆயுள் முடியத்தானே வேண்டும், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது, அவள் கொடுத்த சொல்தான் அவரைக் கவிழ்த்தது. அதுகூடப் போகட்டும். தப்பைச் சொன்னது கூடப் போகட்டும். அச்சுக்குப் போகிறதற்கு முந்தைய வாரம் அத்தனை தாள்களும் வீட்டில்தானே கிடந்தன, அவள்தானே ராத்திரி உட்கார்ந்து மெய்ப்பு பார்த்தாள். ஒற்று மிகாத இடத்தில் ஒற்று மிகுந்திருந்தால் மூக்கால் மோப்பம் பிடிக்கிறவள், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பார்க்காமலா விட்டிருப்பாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா. இருபத்திரண்டு வருஷமாக இதுதான். கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம், அப்புறம் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பார்த்தேன் என்று சொல்கிற அன்றைக்கு அவளுக்குக் கொடுக்க ஒரு வாக்கியம் வைத்திருந்தார். குளிக்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் தட்டித் தட்டி நேராக்கிய வாக்கியம். நீ எனக்குச் செஞ்சதுக்குப் பேரு தப்புக் கண்டுபிடிக்கிறது இல்ல ஆவுடை, அதுக்குப் பேரு. அதுக்குப் பேரு. கடைசிச் சொல்லில்தான் முழு பாரமும் இறங்கும். அதுக்குப் பேரு. பட்டைக்குக் கீழே நெற்றி வியர்த்தது. நேற்று ரயிலில்கூட இருந்ததே. சின்னச் சொல். சதியா, சதி இல்லை, சதி நாடகத்தில் வருவது. மோசடி, அது சீட்டுக் கம்பெனிக்காரன் செய்வது. வஞ்சகம் இல்லை, கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் இருக்கிறது, இது அதைவிட நெருங்கினவர்கள் செய்வது, சொந்தக்காரன் செய்வது, கூடவே இருக்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடியது. இந்தக் கணம் படத்தில் அந்த இடம் எப்படி விழும். இடது பக்கம், காதுக்கு மேலே, ரத்தம் எட்டாமல் கறுப்பாக ஓர் இடம், அங்கே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கும், டாக்டர்கள் சுட்டிக்காட்டி ஆவுடையிடம் விளக்குவார்கள்.

முதல் படம் முடிந்தது சார், பத்து நிமிஷம் இப்படியே இருங்க, உள்ள போனதெல்லாம் அடங்கட்டும் என்று ஃபர்ஸானா சொன்னாள். பத்து. ஐந்து அரை ஆயுள். முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும், அதற்கப்புறம் அடுத்த ஊசி போட்டால் பழையதும் புதியதும் குழம்பாது. அவர் புத்தகப்படி நாலு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், எழுந்து போயிருக்கலாம். சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது, தலை அசையும். இன்னொரு மருந்து ஏறியது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறியது, உதட்டைச் சுற்றியும் ஊறியது, அப்படித்தான் இருக்கும் பயப்படாதீங்க என்றாள். பயம்தான் வந்தது. வேறு எந்த நோய்க்கும் வராத பயம். கை போகட்டும், கால் போகட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருத்தரை நாலு வார்த்தை கேட்டுவிட முடியும். சொல் போனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. சொற்களுக்கு இரண்டு நிமிஷம் ஆயுள், கோபத்துக்கு ஆயுள் கணக்கே கிடையாது என்று உடம்பு வைத்திருக்கிறது, யாரைப் போய்க் கேட்பது. நாளைக்கே மண்டையைத் திறப்பார்களோ என்னவோ. திறந்து மூடின பிறகு எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள், இவர் விழித்துக்கொண்டு கிடப்பார், பார்த்தாயா என்ற சின்னக் கேள்வியைக் கூடக் கேட்க முடியாமல், அவளும் காலாகாலத்துக்கும் சொல்லாமல், ரசம் ஊட்டிக்கொண்டு. இல்லை. இன்றைக்கே கேட்டாக வேண்டும். இங்கிருந்து வெளியே போனதும், சட்டை போடுவதற்கு முன்னால், டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னால். கடைசிச் சொல் வந்தால் வரட்டும். மறுபடி போன், மறுபடி வருது, மறுபடி அந்த ஜில். பிறந்ததும் சாகத் தொடங்கின தண்ணீர் கையேறி, தோளேறி, கழுத்தில் அடைத்த வாசலை முட்டிக்கொண்டு போனது. போ, போய்த் தேடு, இடது பக்கம் காதுக்கு மேலே, எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன், கண்டுபிடித்துக் கொடு. அழுகை வந்தது, நினைக்காமல் இருங்கள் என்றாளே, துடைக்க முடியாமல் கையையும் கட்டிப்போட்டிருந்தார்கள், கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஆவுடை உட்கார்ந்திருந்தாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தானையால் காதோரத்து ஈரத்தை ஒற்றியெடுத்தாள், ஏன் என்று கேட்கவில்லை. டாக்டர் அரை மணியில கூப்பிடுவாவளாம் என்றாள். அவர் அவள் மடியிலிருந்த சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“அன்னைக்கு,” என்றார். “புத்தகம். அச்சுக்குப் போறதுக்கு முந்தி, வீட்டுல, அந்த... தாளு... நீ ராத்திரி...”

“மெய்ப்பா?” என்றாள் ஆவுடை.

ஒரு நொடிகூட அவள் யோசிக்கவில்லை. எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை, எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. கரண்டிக்குக் கூட இதைவிட நேரம் எடுத்துக்கொண்டவள். அப்படியானால் இவளும் இத்தனை வருஷமாக இதைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாகப் புரிந்தது.

“ஆமா. மெய்ப்பு. நீ பார்த்தியா?”

சட்டையில் இல்லாத சுருக்கத்தை அவள் நீவினாள். நடைபாதையில் யாரையோ சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள், அவர்கள் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பார்த்தேன்.”

“அந்த வரியையுமா?”

“அந்த வரியத்தான்,” என்றாள். “அதுக்கு முந்தி முன்னுரையப் பார்த்தேன்.”

முன்னுரையில் என்ன இருந்தது, அதில் பிழை ஒன்றும் இல்லையே என்று ஓடியது அவர் புத்தி, ஓடினதைப் பிடித்து இழுத்தார், இது அதற்கு நேரமில்லை, வந்துவிட்டது, இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த பார்த்தேன் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். நீ எனக்குச் செஞ்சதுக்குப் பேரு என்று ஆரம்பித்தார், நன்றாகவே வந்தது, கரும்பலகைக்கு முன் நிற்கிற பழைய குரல், தப்புக் கண்டுபிடிக்கிறது இல்ல ஆவுடை, அதுக்குப் பேரு. வாய் திறந்தபடி நின்றது. அவள் அவர் வாயைப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் எடுத்துக் கொடுத்திருப்பாள். இன்றைக்குப் பொறுத்திருந்தாள். அதுக்குப் பேரு, என்றார் மறுபடியும், கையை உயர்த்தி, கரண்டியைக் காட்டுவது போல அவளையே காட்டினார். உதட்டைச் சுற்றி எறும்பு இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடியது. அவள் கண்ணில் முதல்தடவையாக ஏதோ தெரிந்தது, அவருக்காகவா அவளுக்காகவா என்று சொல்ல முடியாது, அதுவும் ஒரு கணம்தான்.

“துரோகமா?” என்று கேட்டாள்.

அதேதான். அதே வருகைப் பதிவுக் குரல், சாவியா, துண்டா, செவ்வாய்க்கிழமையா. அவளுக்கென்று இத்தனை காலம் தீட்டி வைத்திருந்ததை அவளே எடுத்து, கைப்பிடியை இவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“ஆமா,” என்று தலையாட்டினார் குற்றாலலிங்கம். “துரோகம்.” பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். சொல் முழுசாகத்தான் இருந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை.

ஆவுடை சரி என்பதுபோல் தலையசைத்து, சட்டையை விரித்துப் பிடித்தாள். ஊசி போட்ட கையை முதல்ல விடுங்க என்றாள், அவர் விட்டார்.